ஒரே தண்ணீர், இரண்டு அம்பு

போன வாரம் ரிஷிவந்தியம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில் நின்றுகொண்டிருந்தேன். காரணம்... ஓர் அம்புக்குறி!

பக்கத்து வீட்டு ஏழுமலை குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருப்பவர். மகள் தேவி பிளஸ் டூ. எஞ்சினியரிங் ஆசை. இயற்பியல் தேர்வில் இரண்டு மார்க்கில் ஃபெயில். அப்பாவோடு வரச் சொல்லி உத்தரவு. வெட்டு ஆட்களை வயலில் விட்டுவிட்டு வந்தவர், என்னையும் துணைக்கு இழுத்தார்.

"நீங்க பேப்பர்ல எழுதறவரு, பேசிப் பாருங்க சார். இவளுக்கு ஏறலன்னா எஞ்சினியரும் வேணாம், ஒண்ணும் வேணாம். வூட்லயே கெடக்கட்டும்."

விடைத்தாளைப் பார்த்தேன். தண்ணீர் மூலக்கூறு ஒரு மின் இருமுனை. ஆக்சிஜன் பக்கம் மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் பிளஸ். சரியாகத்தான் வரைந்திருக்கிறாள். பிளஸ்ஸிலிருந்து மைனஸ்ஸுக்கு ஓர் அம்பு. அதன் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.

"அம்பு மைனஸ்ல இருந்து பிளஸ்ஸுக்குப் போகணும்" என்றார் இயற்பியல் ஆசிரியர்.

"கெமிஸ்ட்ரி கிளாஸ்ல இப்டித்தான் சார் போட்டாங்க..." என்றாள் தேவி.

"ஆமா, எங்க பாடத்துல பிளஸ்ல இருந்து மைனஸ்ஸுக்குத்தான்." பக்கத்து மேஜை வேதியியல் ஆசிரியர் தலையை நிமிர்த்தவே இல்லை.

இருவர் சொன்னதும் சரி. திசையைக் குறிக்க இயற்பியலுக்கு ஒரு வழக்கம், வேதியியலுக்கு நேர்மாறான வழக்கம். சரி... அதை இந்தப் பெண்ணிடம் யார் சொல்வது?

"நீங்க ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசினதே இல்லையா?" என்றேன்.

"அவர் பாடத்துல நான் தலையிடறதில்லை."

"நானும்தான்."

ஒரே ஃபேன், ஒரே ஃப்ளாஸ்க் டீ, பல வருஷமாக!

ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. "தண்ணி ஒண்ணுதானே சார்? ஒரு பீரியட்ல அப்டிப் போவுது, அடுத்த பீரியட்ல இப்டித் திரும்புதா? எங்க வாய்க்கால்ல இப்டி நடந்தா வெட்டுக்குத்தே ஆயிடுங்க!"

வேதியியல் சிரித்தது. இயற்பியல் சிரிக்கவில்லை. "போட்ட மார்க்கைச் சும்மா மாத்த மாட்டேன். வேணும்னா இங்கயே திரும்ப வரையட்டும், பார்க்கறேன்."

வரைந்தாள். இந்த முறை மைனஸ்ஸிலிருந்து பிளஸ்ஸுக்கு. இரண்டு மார்க் விழுந்தது. பாஸ்.

"சரி, படிச்சிக்கினு போ. எஞ்சினியருக்கே போ" என்று ஏழுமலை கரும்பு வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

நான் விடைத்தாளை எட்டிப் பார்த்தேன். புது அம்புக்குக் கீழே தேவி ஒரு வரி எழுதியிருந்தாள்: 'வேதியியல் தேர்வில் இதைத் திருப்பிப் போடவும்.'

ஆசிரியர் அந்த வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்திருந்தார்.