சாப்பாட்டு டப்பாவில் ஒரு ரிவர்ப் பெடல்

நான் செய்த ரிவர்ப் பெடல் ஒரு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவுக்குள் இருக்கிறது. டிப்ளமோ படித்த காலத்தில் சோறு கொண்டுபோன டப்பா. பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல கித்தாரின் ஒலிக்குப் பின்னால் ஒரு எதிரொலியைச் சேர்ப்பதுதான் ரிவர்ப் பெடலின் வேலை. கடையில் விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் போர்டில் தப்புக் கண்டுபிடிக்கிறவளுக்குச் சொந்தமாக ஒன்று செய்ய வராதா என்ற திமிர் எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு எதிரொலி மாட்யூலும் மற்ற சாமான்களும் வாங்கி, ஞாயிறு மதியங்களில் உட்கார்ந்து சால்டர் செய்தேன். எவர்சில்வரில் துளை போடுவதுதான் பெரிய பாடு. டிரில் முனை வழுக்கி வழுக்கி மூடி முழுக்கக் கீறல்.

ஈஜிபுராவில் எங்கள் வீடு ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை. அப்பா தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறார். அம்மா அப்பார்ட்மெண்டுகளில் ஏறி இறங்கித் துணி வாங்கி வந்து, தேய்த்ததைத் திருப்பிக் கொடுப்பாள். அந்தந்த வீட்டுத் துணி அந்தந்த வீட்டுப் பெட்ஷீட்டிலேயே மூட்டையாகக் கட்டியிருக்கும். கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்கு மேலும் சுவரோரமும் மூட்டைகள்தான். அந்த அறையில் கித்தார் தந்தியை மீட்டினால் ஒலி எழுந்த இடத்திலேயே அடங்கிவிடும். என் மலிவான கித்தாரின் குறை அது என்று நினைத்திருந்தேன். பெடலைச் சேர்த்ததும் ஒலி நீண்டு நிரம்பியது. போதாமல் இன்னும் கூட்டினேன். எதிரொலியின் அளவு, நீளம் இரண்டையும் ஏறக்குறைய முழுக்கத் திருப்பி வைத்த பிறகுதான் திருப்தி வந்தது.

கன்டோன்மென்ட் பக்கம் இருக்கும் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில், பாடகர் குழுவுக்கு நான் கித்தார் வாசிக்கிறேன். பழைய கட்டடம், உயரமான மரக்கூரை. அறுப்புப் பண்டிகை ஞாயிறன்று ஜனங்கள் காய்கறியும் பழமும் வாழைத்தாரும் தூக்கிக்கொண்டு வரிசையாக முன்னால் வருவார்கள். அப்போது பாடும் காணிக்கைப் பாட்டை இந்த முறை கித்தார் மட்டும் தனியாக இரண்டு வரி வாசித்துத் தொடங்கட்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். மாஸ்டர் என்றால் எங்கள் குழுவை நடத்துகிறவர். அந்த இரண்டு வரியை என் பெடலில்தான் வாசிப்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

ப்ராக்டிஸுக்கு டப்பாவை எடுத்துப்போன அன்று கீபோர்டு வாசிக்கும் அண்ணன் முதலில் மோந்து பார்த்தார். "என்னம்மா, சித்ரான்னமா? எங்களுக்கும் கொஞ்சம் வை."

நான் வாசித்தேன். ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம்போல ஒரு மெல்லிய 'ஙீ' கூடவே வந்தது. அதைவிட மோசம், சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிப்போயின. எந்தப் பாட்டு என்றே தெரியவில்லை.

மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். "கிணத்துக்குள்ள இருந்து வாசிக்கிறியா?"

"நானே செஞ்சது, மாஸ்டர். கொஞ்சம் சரி பண்ணணும்."

"நீ செஞ்சேன்னு சந்தோஷம்தான். ஆனா காணிக்கை கொண்டுவர்றவங்களுக்குப் பாட்டு புரியணுமே. சனிக்கிழமை ப்ராக்டிஸ்ல இந்தச் சத்தம் சுத்தமா இருந்தா நீ ஆரம்பி. இல்லன்னா அண்ணன் கீபோர்டுல ஆரம்பிக்கட்டும்."

பெடல் இல்லாமல் வாசிக்கிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். திமிர் விடவில்லை.

ரீங்காரம் எளிதில் அகப்பட்டது. கோயிலில் இன்னொரு கித்தார்காரரின் பெடலும் என்னுடையதும் ஒரே அடாப்டரில் தொங்கின. பேட்டரியில் போட்டுப் பார்த்தபோது சத்தம் இல்லை. என் மாட்யூலின் இரைச்சல் கரண்ட் வழியே அவர் பெடலுக்குள் போய்ப் பெரிதாகியிருந்தது. கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரும் பெரிய கெப்பாசிட்டரும் வைத்து வடிகட்டினேன். எனக்கென்று தனி அடாப்டரும் எடுத்துக்கொண்டேன். அது முடிந்தது.

குழப்பம்தான் பிடிபடவில்லை. கம்பெனியில் செய்வதுபோல வரிசையாகப் போனேன். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு வயரை இழுத்து, அதன் நுனியில் கெப்பாசிட்டர் வைத்து, சர்க்யூட்டில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் கேட்டேன். கித்தார் உள்ளே வரும் இடம் சுத்தம். மாட்யூலுக்குப் போகும் இடம் சுத்தம். திரும்பி வரும் எதிரொலி, பிறகு இரண்டும் கலக்கும் இடம், எல்லாமே சுத்தம். ஐ.சி.யைப் பிடுங்கிப் புதிது போட்டேன். சந்தேகப்பட்ட சால்டர்களைத் திரும்ப உருக்கினேன். வீட்டில் வாசித்தால் தேன், கோயிலில் கூழ். தப்பே இல்லாத ஒரு போர்டைத் தேறாதது என்று ஒருவர் திருப்பி அனுப்பினால் எவ்வளவு எரிச்சல் வருமோ அவ்வளவு எரிச்சல்.

"இன்னும் எத்தன தடவதான் அந்த டப்பாவத் தொறந்து தொறந்து மூடுவ?" என்றாள் அம்மா. "சோறு வெச்சிருந்தா இந்நேரம் ஊசிப்போயிருக்கும்."

அந்த வாரம்தான் ஆயுத பூஜை விடுமுறை. ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் துணியை உடனே கொடு என்று போன் மேல் போன். அப்பாவும் அம்மாவும் விடாமல் தேய்த்துக் கொடுத்து முடித்தார்கள். வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்தபோது வீட்டில் ஒரு மூட்டைகூட இல்லை. சுவர்களின் அடிப்பாகத்தைப் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது. அம்மா வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"துணி போனதும் வீடு எவ்ளோ பெருசாத் தெரியுது பாரு. ரெண்டு நாளைக்குத்தான். அப்புறம் எல்லாம் திரும்ப வந்துரும்."

நான் பெடலை மாட்டினேன். எந்தக் குமிழையும் தொடவில்லை. முதல் வரியை வாசித்ததும் கை நின்றுவிட்டது. கோயிலில் கேட்ட அதே கூழ், கொஞ்சம் சின்ன அளவில், எங்கள் வீட்டிலேயே.

பெடலை அணைத்துவிட்டுக் கையைத் தட்டினேன். தட்டிய சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அந்த அறையில் நான் அதுவரை அதைக் கேட்டதில்லை.

"யாரைக் கூப்பிடற?" என்றாள் அம்மா.

"யாரையும் இல்லம்மா. மூட்டைங்கதான் இத்தன நாளா சத்தத்தத் தின்னுட்டிருந்துதுங்க."

"இனி அதுங்களுக்கும் சேத்து ஒலை வெக்கணுமா?"

போர்டில் தப்பு இல்லை. அடுத்தவர் சட்டையும் ஜீன்ஸும் போர்வையும் உறிஞ்சிக்கொண்டதைச் சரிக்கட்ட, நான் எதிரொலியை அள்ளி ஊற்றியிருக்கிறேன். கோயிலின் மரக்கூரை தானாகவே எதிரொலிக்கும். அதன் மேல் என்னுடையதும் சேர்ந்தால் கூழாகாமல் என்ன செய்யும்?

என்ன செய்ய வேண்டும் என்பது அதன் பிறகு தெளிவாக இருந்தது. குமிழ்களைக் குறைத்தால் மட்டும் போதாது. தடித்த தந்திகளின் கனமான ஒலி எதிரொலிக்குள் போவதால்தான் பாதிக் குழப்பம். மாட்யூலுக்குப் போகும் வழியில் இருந்த கெப்பாசிட்டரை எடுத்துவிட்டுச் சின்னது ஒன்று போட்டேன். கனமான ஒலி அதில் நின்றுவிடும், மெல்லிய தந்திகளின் ஒலி மட்டும் உள்ளே போகும். எதிரொலியின் நீளத்தையும் அளவையும் ஒரு எல்லைக்கு மேல் ஏறவிடாமல் ரெசிஸ்டர்கள் வைத்துக் கட்டினேன். ஆனால் பழைய அமைப்பைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மூட்டைகள் திரும்பி வரத்தான் போகின்றன. அதனால் மூடியில் இன்னொரு துளை போட்டு ஒரு ஸ்விட்ச் வைத்தேன். ஒரு பக்கம் தள்ளினால் வீடு, மறுபக்கம் கோயில்.

சனிக்கிழமை ப்ராக்டிஸில் ஸ்விட்ச்சைக் கோயில் பக்கம் தள்ளிவிட்டு அந்த இரண்டு வரியை வாசித்தேன். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நின்று, ஓரத்தில் மட்டும் லேசாகக் கசிந்து கூரைக்குப் போனது. மாஸ்டர் கடைசி பெஞ்ச் வரை நடந்துபோய் அங்கே நின்று கேட்டார்.

"டப்பாவ ஆன் பண்ணியிருக்கியா, இல்லையா?"

காலால் பெடலை அணைத்துவிட்டு அதே வரியை மறுபடி வாசித்தேன். ஒலி சப்பென்று ஆனது. மாஸ்டர் அங்கிருந்தே கத்தினார், "அய்யய்யோ, ஏன் எடுத்த? போடு, போடு!"

"அப்போ நாளைக்கு எனக்கு ரெஸ்டு" என்று கீபோர்டு அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டார்.

மாஸ்டர் முன்னால் வந்து குனிந்து மூடியைப் பார்த்தார். "இது புதுசா இருக்கே. இந்தப் பக்கம் தள்ளினா என்ன ஆகும்?"

"அது எங்க வீடு, மாஸ்டர்."

"எங்க, போட்டுக் காட்டு."

தள்ளிவிட்டு வாசித்தேன். கோயில் முழுக்க அலையலையாகக் குழம்பி, நான் நிறுத்திய பிறகும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"வேணாம்மா, உங்க வீடு உங்க வீட்லயே இருக்கட்டும்" என்றார் மாஸ்டர். "நாளைக்கு நீயே ஆரம்பி."

வாழைத்தார்கள் வரும் நேரத்தில் கால் தவறிப் பட்டுவிடக் கூடாது. ஸ்விட்ச்சைக் கோயில் பக்கம் தள்ளி, அதன் மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று இறுக்கி ஒட்டினேன்.