மைதீன் கடைக் குழாயில் ஜாஸ்

கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த செல்லச்சாமி எதையும் லேசில் பாராட்டிவிட மாட்டார். தத்துவப் புத்தகங்களாகப் படித்து, பாராட்டு என்பது யோசிக்கச் சோம்பல்படுகிறவன் செய்கிற காரியம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் புகழ்ச்சி ‘பரவாயில்லை’. மனைவி கோமதித்தாயின் கருவாட்டுக் குழம்புக்கும் அதுதான், ஊரே திரளும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் அதுதான்.

இந்தக் கஞ்சத்தனத்துக்காகவே, சென்னையில் சிறுபத்திரிகை நடத்திய நண்பர் ஆவுடையப்பன் அவரிடம் விமர்சனம் கேட்டு வாங்குவார். எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு இசைத்தட்டை அனுப்பினார். உறையில், ஆளைவிட உயரமான வயலின் மாதிரி ஒன்றை அணைத்தபடி ஓர் அமெரிக்கர் நின்றார். ஜாஸ் கலைஞராம். அந்த வாத்தியம் டபுள் பேஸாம். ‘வழக்கம்போல் தாட்சண்யம் வேண்டாம்’ என்று எழுதியிருந்தார் ஆவுடையப்பன்.

செல்லச்சாமி வீட்டில் ரிக்கார்டு பிளேயர் இல்லை. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் மைக் செட் கட்டுகிற மைதீன் பாட்சாவின் கடையில் இருந்தது. சத்தம் வருவதற்கு, பந்தல் உச்சியில் கட்டும் தகரக் குழாய்.

ஒரு மத்தியானம் போட்டுப் பார்த்தார்கள். பியானோ கணீரென்று கேட்டது. டிரம் ஓட்டுக்கூரை மழையாகச் சடசடத்தது. உறையில் நின்ற ஆளை மட்டும் காணோம். நடுவில் மற்றவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். எங்கோ எலி சுரண்டுவது போல் ஏதோ கேட்டது. மற்றபடி நீண்ட அமைதி.

“என்ன அண்ணாச்சி, அட்வான்ஸ வாங்கிட்டு ஆளு வேலைக்கு வரலியோ?” என்றார் மைதீன்.

“சும்மா இரும் வே.” செல்லச்சாமிக்கு மயிர்க்கூச்செறிந்திருந்தது.

தன் பெயர் போட்ட தட்டில் தானே வாய் திறக்காத மனிதன்! ஒரு பக்கம் கேட்ட இடத்தில் ஆறு பக்கம் எழுதினார். துறவு என்றார், சூனியம் என்றார். வாழ்நாளெல்லாம் செலவழிக்காமல் வைத்திருந்த பாராட்டு மொத்தத்தையும் அந்த அமெரிக்கரின் காலடியில் கொட்டினார். கட்டுரை வந்ததும் கடிதங்கள் வந்தன. தமிழில் மௌனத்தை முதலில் கேட்ட காது என்று ஒரு பேராசிரியர் எழுதினார். அதன் பிறகு செல்லச்சாமி கடைத்தெருவில் கொஞ்சம் மெதுவாகவே நடந்தார்.

பொங்கல் கழிந்து, மைதீன் மதுரையிலிருந்து பெரிய பெட்டி ஸ்பீக்கர் வாங்கி வந்தார். கோமதித்தாயோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த செல்லச்சாமியை வழியில் மறித்தார்.

“அண்ணாச்சி, உங்க ஊமைத் தட்ட இதுல போட்டேன். ஒரு எட்டு வந்து கேட்டுட்டுப் போங்க.”

தட்டு சுழன்றதும் பெஞ்சு அதிர்ந்தது. பெஞ்சில் இருந்த டீ கிளாஸ் நடுங்கியது. பியானோவின் தோளில் கைபோட்டு யாரோ தாட்டியாக நடத்திப் போனார்கள். சூனியம் என்று எழுதிய இடம் வந்தது. அங்கே அந்த மனிதர் தனியாக, நிதானமாகப் பேசினார். ஒன்றைச் சொன்னார், யோசித்தார், திருத்தி மறுபடி சொன்னார். எலி என்று நினைத்தது அவர் விரல்; அந்த வாத்தியத்தின் அடிக்குரல் தகரக் குழாய்க்கு எட்டியிருக்கவில்லை.

கோமதித்தாய் சொன்னாள்: “இவரு வாய் ஓயாமப் பேசிக்கிட்டுல்லா இருக்காரு. இவரையா சாமியாருன்னு எழுதுனீங்க?”

பத்திரிகை வாசகர்களில் ஒருவரிடமும் இந்தத் தட்டு இருக்காது. கமுக்கமாக இருந்துவிட்டால் பேர் நிலைக்கும். தான் மௌனம் காத்தால் அந்தக் கட்டுரையில் மௌனம் பற்றி ஒரு வரியாவது உண்மையாகும் என்றுகூட செல்லச்சாமிக்குத் தோன்றியது. மூன்று நாள் தோன்றியது. பிறகு எழுதிப் போட்டார். அடுத்த இதழில் வந்தது:

‘முந்தைய கட்டுரையில் நான் புகழ்ந்த மௌனம், சங்கரன்கோவில் மைதீன் பாட்சாவின் குழாயைச் சேர்ந்தது. கலைஞர் தொடக்கம் முதல் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். நன்றாக வாசிக்கிறார்.’

பேராசிரியரிடமிருந்து அதன்பின் கடிதம் இல்லை. அச்சில் தன் பெயர் வந்த மகிழ்ச்சியில் மைதீன் மட்டும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் கருவாட்டுக் குழம்பில் முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்ததும், “நல்லா இருக்கு” என்றார் செல்லச்சாமி.

கோமதித்தாய் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “முழுசாத் தின்னுட்டுச் சொல்லுங்க. பொறவு மறுப்பு எழுதிக்கிட்டு இருக்கக் கூடாது.”