மூன்று குரல்

சுரங்கத்தில் திரி கொளுத்துகிறவன் மூன்று தரம் கத்த வேண்டும். "வெடி! வெடி! வெடி!" அது கேட்டதும் லெவலில், அதாவது சுரங்கத்தின் அந்தத் தளத்தில், இருப்பவன் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு வளைவுக்கு அப்பால் ஓடிவிடுவான். துரைமார் கற்றுக்கொடுத்ததில் உருப்படியானது இது ஒன்றுதான். என் தங்கையின் புருஷனும் நானும் ஒரே ஷிப்டு. அவன் பாறையில் துளை போடுவான், நான் வெடிமருந்து வைத்துக் கொளுத்துவேன். ஆறு வருஷம் என் தொண்டையை நம்பித்தான் அவன் உயிரோடு இருந்தான்.

அப்போது பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தார்கள். வாள் வீசத் தெரிந்தவனை அவர்கள் தேடவில்லை. மருந்து கெட்டிக்கத் தெரிந்தவன் வேண்டுமாம். ராஜா காலமாக இருந்தால் என் ஜாதிக்காரனைக் கோட்டை வாசலில்கூட நிற்க விட்டிருக்க மாட்டார்கள். இவர்களோ தோளில் தட்டிக் கூட்டிப்போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வடக்கே எல்லை மலைகளில் ஊருக்கு ஊர் கல் கோபுரம் இருந்தது. சாமி கோபுரம் இல்லை. உள்ளே நின்று சுடுவதற்குக் கட்டிய மாடிவீடு. முன்பெல்லாம் ஒன்றைப் பிடிக்க மாதக்கணக்கில் முற்றுகை போடுவார்களாம். எனக்கு ஒரு காலைப்பொழுது போதும். அடியில் குழி, மருந்து, திரி. தகர்த்துவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவேன். எதிரி முகத்தைப் பார்த்ததே இல்லை, அதனால் பாவம் என்றும் தோன்றவில்லை.

நான்காவது ஊரில் கோபுரம் காலி என்றார்கள். கொளுத்தினேன். கொளுத்தியதும் பழக்கத்தில் வாய் கத்திவிட்டது: "வெடி! வெடி! வெடி!"

தமிழ் தெரியாத ஊர்தான். ஆனாலும் உயிர் போகிற அவசரம் குரலில் தெரியுமே. கதவு திறந்தது. ஒரு கிழவர், இரண்டு பெண்கள், ஒருத்தி இடுப்பில் பிள்ளை. நான் கை காட்டிய பக்கமே ஓடினார்கள். எதிர் மேட்டில் எங்கள் துப்பாக்கிக்காரர்கள் படுத்திருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் ஆணா பெண்ணா என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர்கள் முயலவில்லை. கிழவர் முதலில் சுருண்டார். கடைசியில் பிள்ளை மட்டும் தாயின் அடியில் கிடந்து அலறியது. பிறகு கோபுரம் அவர்கள் மேல் சரிந்தது.

உள்ளே இருந்தாலும் செத்திருப்பார்கள் என்று ஹவில்தார் ஆறுதல் சொன்னார். செத்திருப்பார்கள்தான். ஆனால் என் குரலை நம்பிச் செத்திருக்க மாட்டார்கள்.

சண்டை முடிந்து ஊர் திரும்பி அதே லெவலில் இறங்கினேன். முதல் நாளே ஐந்து திரி கொளுத்தினேன். மச்சான் வளைவுக்கு இந்தப் பக்கம் குனிந்து துளை போடும் கம்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கத்த வாயைத் திறந்தேன். அந்தக் கதவு கண்முன் வந்தது. வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அவனை இழுத்துக்கொண்டு போக ஓடினேன். அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"இன்னா மச்சான், பட்டாளத்துல ஓடக் கத்துக் குட்தாங்களா?"

அதற்குள் முதல் துளை வெடித்தது. எனக்கு இடது காது போயிற்று. அவனுக்கு முகமே இல்லை.

ஆளை ஏற்றி இறக்கும் கேஜில் சாக்கு போட்டு மூடி மேலே கொண்டுவந்தோம். மேலே ஷாப்டுக் குழி வாசலில் தங்கை நின்றிருந்தாள். சாக்கை விலக்க நான் விடவில்லை. என் காதிலிருந்து வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணா, நீ கொரல் குட்தியா?"

"குட்தேன்" என்றேன்.

அவர்தான் காதில் வாங்கவில்லை, கவனமில்லாத மனுஷன் என்று இன்றுவரை கூலிக்காரர் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லி அழுகிறாள்.