வாரில் கட்டிய கல்

வாணியம்பாடி ரோடானாலும் ஆலங்காயம் பாதையானாலும், லாரியை நிறுத்த ஆதிகேசவன் தேடுவது நிழலை அல்ல, சரிவை. ஆனால் ஏற்றிவரும் பச்சைத்தோலின் உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டித் துருவேறி, அந்த வண்டியில் கைபிரேக் நிற்காது. முன்சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுப்பார். கல்லில் நீளமான தோல் வார் ஒன்று கட்டியிருக்கும். அதன் மறுநுனி அவர் கையெட்டும் இடத்தில் தொங்கும்.

"ஆம்பூர்லேர்ந்து வேலூர் வரைக்கும் என்ன மாரி ஓட்றவன் ஒருத்தன காட்டு, மீசைய எடுத்துட்றேன்" என்பார். மீசை இன்னும் இருக்கிறது.

போன மாசியில், எஞ்சினைக் கிளப்ப வண்டி முன்னால் நின்று இரும்பு ஹாண்டிலைச் சுற்றும்போது மாரடைத்துச் சாய்ந்தார். வேலூர் டாக்டர் மூன்று மாதம் படுக்கவைத்தார். "நான் பானெட்டுல காது வெச்சு கேக்கற மாரியே, என் மார்ல கொழாய் வெச்சு கேட்டாரு. தொழில் தெரிஞ்ச மன்சன்!" கடைசியில் டாக்டர் சொன்னது: ஓட்டலாம், ஹாண்டிலைத் தொடக் கூடாது.

தோல் மண்டி முதலாளி வாஹித் பாஷா ஒத்துக்கொள்ளவில்லை. "ஹாண்டில் போடாம வண்டி எப்டிப்பா கெளம்பும்? கேட்டுல காவலுக்கு குந்திக்க. சம்பளம் கம்மி பண்ண மாட்டேன்."

"தலைல தோல் சொமந்து வந்தவன் சாயபு நான். எவன் சிபாரிசுலயும் ஸ்டீரிங்க புடிக்கல. நாளைக்கு காலைல வந்து பாருங்க. கெளம்பலன்னா நானே முக்காலி போட்டு குந்திக்கறேன்."

மறுநாள், மண்டிச் சரிவின் உச்சியில் லாரி நின்றது. சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர்கள்கூட ஏறி வந்துவிட்டார்கள்.

"அண்ணே, தள்ளட்டுமா?" என்றான் சுமைக்காரன் காசி.

"கைய எட்றா. ஒருத்தனும் தொடக் கூடாது."

உட்கார்ந்தார். கியரைப் போட்டு, கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு வாரைச் சுண்டினார். கல் விலகியது, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். லாரி சத்தமில்லாமல் உருண்டது. பத்து கஜம். இருபது கஜம். எஞ்சின் வாய் திறக்கவில்லை. கேட்டுச் சுவர் நெருங்கியது.

"யா அல்லா!" வாஹித் பாஷா தம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

ஆதிகேசவன் கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி உறுமி, சுவரைத் தொடாமல் கேட்டருகே நின்றது. காசி துண்டைத் தூக்கி வானத்தில் எறிந்தான்.

முதலாளி மூச்சிரைக்க ஓடிவந்து பக்கத்தில் ஏறினார். "பேஜார் பண்ணிட்டியேப்பா! ஓட்டு, ரயில் ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன்."

"வாங்க சாயபு. ஆனா நீங்க குந்தியிருக்கறது கல்லோட எடம்."

சொல்லிவிட்டு வாரைச் சுருட்டிக் கல்லை மேலே இழுத்தார். மண்ணைக்கூடத் தட்டாமல் அதை முதலாளியின் வெள்ளை ஜிப்பா மடியில் வைத்து, கியரைப் போட்டார்.