முடுக்கு வழியே வருகிறவர்கள்

எங்கள் காயல்பட்டினத்தில் உம்மு ஹானி லாத்தாவைக் கண்டால் சிலர் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் மனநல ஆலோசகர். சிரிப்புக்காரர். கல்யாண வீட்டில் இவர் உட்கார்ந்த பக்கம்தான் கூட்டம் சேரும். ஆனால் ஒரு பிள்ளை சோர்ந்து தெரிந்துவிட்டால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "செத்துப்போயிரலாமான்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டுவிடுவார். இல்லாத நினைப்பை இவர்தான் ஊட்டுகிறார் என்று ஊர் குறைப்பட்டது. வாய்விட்டுக் கேட்டால் பிள்ளைக்குப் பாரம்தான் குறையும் என்று இவரும் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தார். எனக்கு ஊரின்மேல் எரிச்சலாக வரும். இவர் சிரித்துக்கொண்டே அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விடுவார்.

தூத்துக்குடி மருத்துவர் ஒருவர் தந்த செல்போன் செயலியை இவர் பள்ளிக்குக் கொண்டுவந்தபோது குறை இன்னும் கூடியது. பிள்ளைகள் கையில் போனே கூடாது என்கிறோம், இந்த அம்மா போனையே மருந்து என்கிறாரே என்றார்கள். அந்தச் செயலியில் பெரிய மாயமெல்லாம் கிடையாது. மனசு எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்கும். மோசமான நேரத்தில் எதைச் செய்தால் ஆறுதல் கிடைக்கும் என்று பிள்ளை முன்பே சொல்லிவைத்ததை எடுத்துக் காட்டும். தாங்கவே முடியாத நேரத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அமுக்கினால், பிள்ளை நம்பி எண் கொடுத்துவைத்த ஆளுக்கு அழைப்பும் செய்தியும் போகும்.

உம்மு ஹானியின் கேள்விக்கு "ஆமா" என்று சொன்னவள் பதினொன்றாம் வகுப்பு மர்வா. பல வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. தாய் ருகையாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அந்த மருத்துவரிடமே கூட்டிப்போய், மருந்து தொடங்கியதும் உம்மு ஹானி, தாய், மகள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து செயலியை நிரப்பினார்கள். நம்பகமான ஆள் யார் என்று அது கேட்டது. மர்வா வாப்பாவின் எண்ணைக் கொடுத்தாள். தகப்பனார் மூஸா இருப்பதோ சவூதியில், தம்மாம் துறைமுகத்தில். கிரேன் ஓட்டுகிறார். இது மூவருக்கும் தெரியும், ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் ஊர் அப்படி. ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருப்பார்கள், ஆனால் எதற்கு நம்பர் கேட்டாலும் வாப்பாவின் நம்பர்தான் முதலில் வாயில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ருகையா கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். மகள் சில நாளாக முகம் தெளிந்து பேசியதை நம்பித்தான் போனார். மதியம் மர்வா பொத்தானை அமுக்கினாள். மூஸா கிரேன் மேலே இருந்தார், போன் கீழே பெட்டிக்குள் இருந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. இறங்கி வந்து செய்தியைப் பார்த்தவர் மகளைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. ருகையாவின் போன் கல்யாணச் சத்தத்தில் பைக்குள் கிடந்தது. அப்புறம்தான் மூஸா உம்மு ஹானிக்குப் போன் போட்டார்.

"லாத்தா, நான் கடலுக்கு அங்கிட்டு கெடக்கேன். நீங்க ஓடுங்க" என்றார்.

எங்கள் ஊரில் வீடுகளின் பின்வாசல்களை ஒட்டிப் பெண்கள் மட்டும் நடக்கிற சந்துகள் உண்டு. முடுக்கு என்போம். ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. உம்மு ஹானி அடுப்பை அணைத்துவிட்டு, தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வழியே ஓடினார். திறந்திருந்த வாசல்களிலெல்லாம் ருகையாவைக் கூட்டிவரச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டே ஓடினார். மர்வாவின் அறைக்கதவு தள்ளியதும் திறந்தது. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடும்படி செயலி சொல்லியிருந்தது, ருகையா அதைச் செயலியை நிரப்பிய அன்றைக்கே செய்திருந்தார். பிள்ளை சுவரோரமாக, போனை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வாப்பா எடுக்கல" என்றாள்.

"நான் வந்துட்டேன்ல" என்று இவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வழக்கமான கேள்வியை மறுபடியும் கேட்டார். மர்வா எதையும் மறைக்கவில்லை. ருகையா வந்து சேர்ந்ததும் மூவரும் காரில் மருத்துவரிடம் போனார்கள்.

அங்கே மருத்துவர் முன்னாலேயே, கடல் தாண்டி இருப்பவர் நம்பரைப் போடவிட்ட தப்பு என்னுடையதும்தான் என்றார் உம்மு ஹானி. அதைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? செயலியின் கேள்வியையும் மாற்றச் சொன்னார். நம்பகமான ஆள் யார் என்பதை எடுத்துவிட்டு, கூப்பிட்டால் உடனே நடந்து வரக்கூடியவர்கள் யார் யார் என்று கேட்க வைத்தார். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கொடுத்திருந்ததைப் பார்த்தால் துபாயில் இருக்கிற காக்கா, அதாவது அண்ணன், இல்லாவிட்டால் ரியாத் வாப்பா. முடுக்கு வழியாகவே வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசினார். இவரைக் குறை சொன்னவர்களில் சிலரே, என் நம்பரையும் போடுங்கள் என்று போனை நீட்டினார்கள்.

உங்கள் நம்பரை எடுக்கவேண்டும் என்று மூஸாவிடம் சொல்லத்தான் இவருக்கு வாய் எழவில்லை. அவராகவே பேசினார்.

"என் நம்பர எடுத்துருங்க லாத்தா. எனக்கு எம் மவ இருந்தாப் போதும்."

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மர்வா மறுபடி பொத்தானை அமுக்கினாள். கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் அடுத்த வீட்டுச் சாச்சி, சின்னம்மா முறை, வந்தார். மாடியிலிருந்து உம்மா ருகையா இறங்கி வந்தார். பின்னாலேயே மூச்சிரைக்க உம்மு ஹானி. மர்வா அழுதுகொண்டே பாயில் நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டாள். வெகுநேரம் பேசினார்கள். மனசு கொஞ்சம் அடங்கியதும் அவளாகவே தம்மாமுக்குப் போன் போட்டாள்.

"வாப்பா, எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள்.