காதுக்குப் பின்னால் இரைந்தது

பிறந்ததிலிருந்தே என் வலது காதுக்குள் ஒரு சத்தம் உண்டு. உஸ்... உஸ்... என்று, நெஞ்சு அடிக்கிற கதியில். ஓடினால் அதுவும் வேகமாகும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்து யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில், நான் பெரியவளான வருஷம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குச் சின்னம்மா வந்திருந்தாள். ஒரு மத்தியானம் எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். காதுக்குப் பின்னால் சிவந்து தடித்திருந்த இடத்தைப் பிறவி மச்சம் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தோம். அவள் குனிந்து அங்கே தன் காதை வைத்தாள்.

“அக்கா, இங்க வாங்க. புள்ள தலைக்குள்ள என்னமோ இரையுது.”

அம்மாவும் கேட்டாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று. எனக்குள் இருந்தது அவர்களுக்கும் கேட்கிறது என்றதும் காதைக் கையால் பொத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு சின்னம்மா என் பக்கத்தில் படுக்கவில்லை.

மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். தடிப்பு வளர்ந்துகொண்டே போனது, தொட்டால் சுட்டது. ஒருநாள் சீப்பு பட்டு ரத்தம் பீறிட்டது. அப்பா துண்டால் அழுத்திப் பிடித்தபடியே சேலத்துக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் அந்த இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு தடிப்புக்குக் கீழே விரலால் அழுத்தினார்.

சத்தம் நின்றது.

செத்துப்போய்விட்டேன் என்றே நினைத்தேன். “ஐயோ, நின்னுபோச்சுங்க!” என்று கத்தினேன். அவர் விரலை எடுத்ததும் திரும்பி வந்தது.

“எப்பவுமே கேக்குமா?”

“ஆமாங்க. உங்களுக்குக் கேக்காதுங்களா?”

அவர் அப்பாவிடம் திரும்பினார். “காத்து கருப்பு எல்லாம் இல்லைங்க. பிறவியிலேயே ரத்தக்குழாய்கள் தாறுமாறாப் பின்னியிருக்கு. அதுல ரத்தம் பாயுற சத்தம்.”

மெட்ராசில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். பாதி முகம் தீப்பிடித்ததுபோல் எரிந்தது. படத்தில் என் காதைச் சுற்றி வேர்முடிச்சு ஒன்று தெரிந்தது. ஆபரேஷன் செய்து, அதற்கு ரத்தம் கொண்டுவந்த குழாய்களைக் கட்டி, முடிச்சை வெட்டியெடுத்தார்கள்.

கண் விழித்தபோது அந்தச் சத்தம் இல்லை; நான் எச்சில் விழுங்கும் ஓசைகூடக் கேட்டது.

“என்ன சாமி?” என்றாள் அம்மா.

“காதுக்குள்ள ஒண்ணுமே இரையலம்மா.”

அவள் சந்தோஷத்தில் அழுதாள். நானோ, கூடவே இருந்த யாரோ சொல்லாமல் எழுந்து போய்விட்டதுபோல் பல மாதம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி, மூத்தவள் வயிற்றிலிருந்தபோது ஒருநாள் அந்தச் சத்தம் மறுபடி மெல்லக் கேட்டது. ஆபரேஷனில் மிச்சமிருந்த குழாய்கள் கர்ப்பகாலத்தில் விரிந்திருக்கலாம் என்றார்கள் டாக்டர்கள். பிரசவம்வரை அடிக்கடி பார்த்தார்கள். குழந்தை பிறந்தபின் தானாக அடங்கியது. காது தலையணையில் அழுந்தினால் மறுபடி கேட்டுவிடுமோ என்று, இன்றும் வலதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க மாட்டேன்.