பெங் யூமெய் வாங்காத வெப்பம்

ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் குளிரும், தெற்கே இருப்பவர்களுக்குக் குளிராது என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அதனால் வடக்கே வீட்டுக்கு வீடு குழாயில் வெப்பம் வருகிறது. தெற்கே, வூஹானில், எங்களுக்கு வருவதில்லை. இந்த முடிவைக் குளிருக்கு யாரும் தெரிவிக்கவில்லை போலும். அது வருடம் தவறாமல் ஆற்றைத் தாண்டி வந்து, ஈரத்தோடு எலும்புக்குள் குடியேறிவிடுகிறது. கோடையிலோ ஊரே எரிகிற அடுப்பு. ஆகவே எங்கள் ஊரில் ஒரு மனிதரின் குணத்தை அறிய அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் என்ன வாங்கி வைத்திருக்கிறார் என்று பார்த்தால் போதும்.

பெங் யூமெய் எதுவும் வாங்கி வைத்திருக்கவில்லை. அவருடைய வாழ்க்கையை எழுத எனக்குக் கிடைத்த காரணம் இதுதான். எதிர்வீட்டுக்காரன் என்பது இன்னொரு தகுதி.

அவர் யாங்சி ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகில் கயிறு வீசுகிறவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜனவரி மாதக் காற்றில் முன்தளத்தில் யார் நிற்பது என்பதை அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அநேகமாக யூமெய் என்றே முடிவு செய்தார்கள். கல்யாணத்துக்கு என்றைக்கு விடுப்பு, எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் வீடு, எல்லாமே மேலிருந்து வந்தன. கணவர் ஒருவரைத்தான் யூமெய் தானாகத் தேர்ந்தெடுத்தார். அவர் குவாங்சோவுக்கு வியாபாரம் பார்க்கப் போனார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிற்பாடு, நிறுவனம் கொடுத்த வீட்டை அவரவரே வாங்கிக்கொள்ளலாம் என்று ஆனபோது, யூமெய் வாங்கினார். வாங்கிய வாரமே வாசற்கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்தார். எங்கள் படிக்கட்டில் மற்ற கதவுகளெல்லாம் பழுப்பு.

"ஏன்க்கா பச்சை?" என்று கேட்டேன்.

"யாரும் அடிக்கச் சொல்லலை. அதான்" என்றார்.

அவருக்கு மேல்வீட்டில் குவோ என்பவர் இருக்கிறார். ஏதோ ஒரு அலுவலகத்தில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களிடையே மரியாதை தெரிந்தவர்கள் அத்தகையவரைக் கூப்பிடும்போது 'துணை'யை விழுங்கிவிட்டுத் 'தலைவர்' என்பார்கள். கட்டடம் முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறது. யூமெய் மட்டும் நிறுத்தி நிதானமாக, "வணக்கம், துணைத் தலைவரே" என்பார். அதில் ஒரு எழுத்தைக்கூட அவர் இதுவரை விழுங்கியதில்லை.

கீழ்வீட்டில் டிங் என்ற இளைஞரும் அவர் மனைவியும், தவழத் தொடங்கிய மகளும்.

வீட்டைச் சூடாக்க யூமெய் ஒரு கருவி வாங்க வேண்டும் என்ற பேச்சை ஆரம்பித்தது ஷென்ஜென்னில் இருக்கும் அவர் மகள். ஒரு குளிர்காலத்தில், வீடியோ அழைப்பில், தாய் பேசப் பேச வாயிலிருந்து மூச்சு புகையாக வருவதைப் பார்த்துவிட்டாள். "வீட்டுக்குள்ள உக்காந்திருக்கீங்களாம்மா, இல்ல வெளியவா?" என்று கேட்டாள். அடுத்த இலையுதிர் காலம் வந்ததுமே யூமெய் ஊரிலுள்ள கடைகளையெல்லாம் ஆராயப் புறப்பட்டார். அந்தக் கடைகள் விளக்கம் கேட்க வரும் முதியவர்களுக்கு ஒரு தட்டு முட்டை இலவசமாகத் தருகின்றன. ஆகவே ஆராய்ச்சி ஆழமாகவும் நெடிதாகவும் நடந்தது. அந்த இலையுதிர் காலம் முழுக்க எங்கள் வீட்டிலும் முட்டைதான்.

முடிவுகளை அவர் வாசலில் நின்றபடி எனக்கு அறிவிப்பார்.

சுவரில் மாட்டும் ஏசி: "சூடெல்லாம் கூரைக்குப் போயிடுது. தலை ஜூலைல இருக்கு, காலு ஜனவரில இருக்கு."

சிவப்பாக ஒளிவிடும் விளக்கு அடுப்பு: "முன்பக்கம் வறுத்த வாத்து. முதுகுப்பக்கம் ஐஸ்பெட்டி வாத்து."

எண்ணெய் நிரப்பிய இரும்புப் பெட்டி: "அது சூடாகறதுக்குள்ள எனக்குக் கோபம் வந்து நானே சூடாயிடறேன்."

கடைசியாகப் போனது, தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் பதிக்கும் கடைக்கு. அங்கே செருப்பைக் கழற்றி நடந்து பார்க்கச் சொன்னார்கள். யூமெய் நடந்தார். பிறகு உட்கார்ந்தார். மாதிரி அறையின் தரையில் கொஞ்சம் சாய்ந்தும் பார்த்தார். கடையின் இளம் விற்பனையாளர் ஷூ, முட்டைக்கு வந்த கூட்டத்தில் கடைசியாக ஒரு மெய்யான வாடிக்கையாளர் அகப்பட்டார் என்று நம்பி, பலகையில் ஒரு வீட்டை வரைந்து அம்புக்குறிகள் போட்டார்.

"பாருங்க அத்தை. வெப்பம் மேல போகும், கீழ போகும், பக்கத்துலயும் போகும். அக்கம்பக்கத்துல யாருமே போடலைன்னு வைங்க, உங்க சூட்டுல ஒரு பெரும்பங்கு அவங்க வீட்டுக்குப் போயிடும்."

"அவங்க காசு குடுக்காமலா?"

"காசு குடுக்காமத்தான். ஆனா உங்களுக்கு அந்தக் கவலையே வேணாம்." ஷூ தன் கைபேசியில் எங்கள் கட்டடத்தைத் தேடிப் பிடித்தார். "உங்களுக்கு மேல்வீடு குவோ தலைவர், இந்த வருஷம் எங்க கிட்டதான் போட்டிருக்கார். கீழ்வீடும் போட்டாச்சு. நடுவுல நீங்க மட்டும்தான் பாக்கி."

யூமெய் அந்த அம்புக்குறிகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தம்பி, ரொம்பத் தெளிவா விளக்கினே. நான் தேர்ந்தெடுத்துட்டேன்."

"எந்த மாடல் அத்தை?"

"இப்ப இருக்கறதே" என்று சொல்லிவிட்டு, முட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

இவ்வாறாக எங்கள் ஊரின் மிக மலிவான வெப்பமூட்டும் அமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. குளிர்விக்கும் அமைப்பு ஏற்கெனவே இருந்தது. கோடையில் மாநகராட்சி பழைய குண்டுவீச்சுப் புகலிடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும். பகல் முழுக்க யூமெய் அங்கே பூமிக்கடியில் மாஜோங் காய்களை அடுக்கி விளையாடுவார். வீடு திரும்பும்போது குவோவின் ஏசி யூமெய்யின் கூரையைக் குளிர்வித்து வைத்திருக்கும். அந்த ஏசியிலிருந்து பால்கனியில் சொட்டும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைப்பார்.

அந்தக் குளிர்காலம் அருமையாகப் போனது. சந்திர ஆண்டின் கடைசி மாதம் எட்டாம் நாள், குவோவின் மனைவி எட்டுத் தானியக் கஞ்சி காய்ச்சி, ஒரு கிண்ணத்தைக் கணவரிடம் கொடுத்துக் கீழே அனுப்பினார். வழக்கப்படி எல்லா வீட்டுக்கும் போகும் கஞ்சிதான். குவோ பருத்திக் கோட்டும் காதுமூடித் தொப்பியுமாகப் படியிறங்கிப் பச்சைக் கதவைத் தட்டினார். யூமெய் மெல்லிய சட்டையில், வெறுங்காலுடன் கதவைத் திறந்தார். கையில் விசிறி இல்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். இருந்தது என்று குவோ பின்னர் ஊரெல்லாம் சொன்னார்.

குவோ செருப்பைக் கழற்றினார். காலுறையோடு தரையில் ஒருமுறை நடந்தார். கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேல் அவருடைய வீடு. தரைக்குக் கீழ் டிங்கின் வீடு. முப்பது ஆண்டுகள் கோப்பு பார்த்த மூளை ஒரு நொடியில் வேலையை முடித்தது. கஞ்சியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் எங்கள் படிக்கட்டுக்காரர்களின் கைபேசிக் குழுவில் அவருடைய செய்தி வந்தது. பெயர் குறிப்பிடாமல், 'ஐந்தாம் மாடியில் பச்சைக் கதவு கொண்ட குறிப்பிட்ட ஒரு தோழர்' கூட்டு வெப்பத்தைத் தனி நலனுக்குப் பயன்படுத்துவதாகவும், அவர் ஒன்று கருவி வாங்க வேண்டும், இல்லையேல் மேல்வீட்டு, கீழ்வீட்டு எரிவாயுக் கட்டணத்தில் தன் பங்கைச் செலுத்த வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

மறுநாள் காலை இருவரும் படிக்கட்டில் சந்தித்துக்கொண்டார்கள். நான் குப்பை கொட்டப் புறப்பட்டவன். அன்று என் குப்பை கீழே போய்ச் சேர வெகுநேரமாயிற்று.

"துணைத் தலைவரே, பச்சைக் கதவுன்னா நான்தானே?"

"பெங் அம்மா, இது தனிப்பட்ட விஷயமில்ல. கொள்கை விஷயம். உங்க வீட்டுல இருக்கற சூடு எங்களோடது."

"நான் ஏணி போட்டு வந்து எடுத்தேனா? என் கூரையில ஓட்டை போட்டேனா?"

"எடுக்கலைன்னாலும் அனுபவிக்கறீங்க இல்ல?"

"கோடையில உங்க ஏசி வெளிய தள்ளற அனலும் உங்களோடதுதானே? என் பால்கனி ஜன்னலுக்கு நேரா ஊதுது. அதையும் நான்தான் அனுபவிக்கறேன். அதுக்கு ஒரு நாளாவது உங்க கிட்ட பங்கு கேட்டேனா?"

குவோ கோடையைப் பற்றிப் பேச வரவில்லை. "சொத்துன்னா சொத்துதான். எங்க சூடு எங்களுக்கு வேணும்" என்றார்.

"வேணும்னா திருப்பி எடுத்துக்கங்க" என்று யூமெய் உள்ளே போனார்.

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் ஓசை கேட்டது. வடக்கு ஜன்னல், தெற்கு ஜன்னல், சமையலறை, படுக்கையறை. பால்கனிக் கதவையும் செங்கல் வைத்து நிறுத்தினார். வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது என்னவென்று டிங்தான் எனக்கு விளக்கினார். அவர் பொறியியல் படித்தவர். இதுவரை நடுவில் இருந்தது ஒரு வெதுவெதுப்பான வீடு. இப்போது நடுவில் இருப்பது யாங்சி ஆற்றங்கரை. குவோவின் தரைக்கு அடியிலும் டிங்கின் கூரைக்கு மேலும் ஜனவரி மாதம் நேரடியாக வந்து படுத்துக்கொண்டது. இரண்டு வீட்டிலும் குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் கொதிகலன்கள் ஓய்வின்றி உறுமின. குவோவின் வீட்டுத் தரை, பணம் கட்டிப் பதித்த குழாய்களோடு சேர்ந்து, சில்லிட்டது.

குவோ குழுவில் கண்டனம் தெரிவித்தார். யூமெய் பதிலுக்கு ஒரு படம் அனுப்பினார். நுழைவாயில் பலகையில் இருக்கும் அறிவிப்பு அது: 'உடல்நலம் காக்க, குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வீட்டைக் காற்றோட்டமாக வைப்போம்.' கீழே கையெழுத்து: கட்டடப் பொறுப்பாளர் குவோ.

இதை ஒரு வேடிக்கையாகவே நான் எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வாரக்கடைசியில் வெந்நீர்ப் பை இரவல் கொடுக்கப் போனபோது யூமெய்யைப் பார்த்தேன். படகுக் காலத்துக் கோட்டு, அதன்மேல் போர்வை, தலையில் இரண்டு தொப்பி. முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். விரல்கள் நீலம் பாரித்து, கத்தி அடிக்கடி வழுக்கியது.

"அக்கா, போதும். ஒரு சின்னப் பங்கு குடுத்துட்டா முடிஞ்சிடும். பெரிய தொகையில்ல."

"தொகை எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

கத்தியைக் கீழே வைத்தார். "படகுல ஒருநாள் காய்ச்சலோட நின்னேன். உள்ள போய் உக்காரட்டுமான்னு கேட்டேன். மேல கேக்கணும்னாங்க. கேட்டுட்டு வர்றதுக்குள்ள அக்கரை வந்துடுச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இங்க நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல. குளிரணுமா வேணாமான்னு நானே சொல்வேன். இதுக்கு ஒருத்தருக்குக் கப்பம் கட்டிட்டா, அப்புறம் இது யார் வீடு?"

அப்போது மகள் அழைத்தாள். யூமெய் ஒரு தொப்பியை அவசரமாகக் கழற்றிவிட்டுப் பேசினார். "கோட்டா? இப்ப இதுதான் மோஸ்தர்" என்றார்.

முதலில் தளர்ந்தது கீழ்வீடு. டிங்கின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"அத்தை, எங்க கூரை குளிர்ல வேர்த்து ஈரமாயிடுச்சு. பாப்பாவோட கட்டிலுக்கு மேல சொட்டுது. நாங்க பங்கே கேக்கலை. அவர்தான் எங்க பேரையும் சேர்த்து எழுதிட்டாரு."

"இதை ஏன் குழுவில சொல்லலை?"

"தலைவர் எழுதினதுக்கு எதிரா எப்படி அத்தை?"

"துணைத் தலைவர்" என்று திருத்திவிட்டு, யூமெய் படுக்கையறை ஜன்னலை மட்டும் சாத்தினார். மற்றவை திறந்தே இருந்தன.

இரண்டு நாள் கழித்து குவோ வந்தார். முழங்காலைப் பிடித்தபடி வந்தார். அவர் மனைவி சூடான எள் உருண்டைச் சூப்போடு பின்னால் வந்தார். என்னையும் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள்.

"பெங் அம்மா, அந்தக் கோரிக்கை தற்காலிகமா நிறுத்தி வைக்கப்பட்டிருக்கு."

"தற்காலிகமா?" யூமெய்யின் கை, சாத்தியிருந்த படுக்கையறை ஜன்னல் பக்கம் நீண்டது.

குவோவின் மனைவி கணவரின் விலாவில் இடித்தார்.

"கைவிடப்பட்டிருக்கு" என்றார் குவோ.

"யாரால?"

இந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே இரக்கமாக இருந்தது. "என்னால" என்றார்.

யூமெய் எழுந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார். செங்கல்லைக் காலால் தள்ளிப் பால்கனிக் கதவை மூடினார். சூப்பை நாலு கிண்ணத்தில் ஊற்றினார். நாங்கள் குடித்து முடிக்கும்போது கீழேயிருந்தும் மேலேயிருந்தும் சூடு மெல்ல எட்டிப் பார்த்தது.

வெற்றி பெற்றவரிடம் தாராளமாக நடந்துகொள்வது அதிகாரிகளின் பழக்கம். குவோ தொண்டையைச் செருமினார். "நாங்க டிங்கோட பேசிட்டோம். ரெண்டு வீடும் சேர்ந்து செலவு போட்டு, உங்க வீட்டுலயும் குழாய் பதிச்சுக் குடுத்துடறோம். நீங்க ஒரு பைசா தர வேணாம். கட்டணமும் நாங்களே பார்த்துக்கறோம். நடுவீடு சூடா இருந்தா எங்களுக்கும் நல்லதுதானே."

என் வாழ்நாளில் இதைவிட மலிவான ஒரு வெப்பமூட்டும் அமைப்பை யாருக்கும் யாரும் தருவதாகச் சொல்லிக் கேட்டதில்லை. வாங்கிக்கொள்ளுங்கள் என்று கண்ணால் சாடை காட்டினேன்.

"எத்தனை டிகிரி வைப்பீங்க?" என்று கேட்டார் யூமெய்.

"பதினெட்டுன்னு யோசிச்சிருக்கோம்."

"பாத்தீங்களா" என்றார் யூமெய். "இன்னும் குழாயே பதிக்கலை. அதுக்குள்ள எனக்கு எத்தனைன்னு யோசிச்சாச்சு. வேணாம்."

"அப்போ உங்களுக்கு என்னதான் வேணும், பெங் அம்மா?"

"ஒண்ணும் வேணாம். முதல்ல இருந்தே அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

குவோ எழுந்தார். கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு மனைவியும் எழுந்தார். வாசலில் காலணியைத் தேடி, கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் ஒற்றைக்காலில் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்திட்டுப் போட்டுக்கங்க, துணைத் தலைவரே" என்றார் யூமெய் உள்ளிருந்து. "சூடு வீணாப் போகுது."